கால்வாய்ச் சுவர் யாருடைய ஓவியம்? ஜூடி பாக்காவின் பணி குறித்து

ஆற்றங்கரையான்

அனைவருக்கும் வணக்கம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வடபகுதியான சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் துஹங்கா வாஷ் என்றொரு வெள்ளக் கால்வாய் ஓடுகிறது. ஓடுகிறது என்பதுகூடப் பேச்சு வழக்குதான். கோடையில் கான்கிரீட் தரையின் நடுவே கோடு கிழித்தாற்போல் கொஞ்சம் தண்ணீர் கசியும், அவ்வளவே. அந்தக் கால்வாயின் பக்கச் சுவரில் 2,754 அடி நீளத்துக்கும் 13 அடி உயரத்துக்கும் கலிபோர்னியாவின் வரலாறு தீட்டப்பட்டிருக்கிறது. 'லாஸ் ஏஞ்சல்ஸின் பெருஞ்சுவர்' என்பது அதன் பெயர். சென்ற ஞாயிறு எதிர்க்கரையில் நடந்தபடியே அதை முழுமையாகப் பார்த்தேன்.

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்த பகுதி 1950களைச் சொல்வது. புதிதாகப் போடப்பட்ட நெடுஞ்சாலை ஒன்று பாம்பைப் போல் நெளிந்து வந்து மெக்சிகோ அமெரிக்கர்களின் குடியிருப்புகளுக்குள் நுழைகிறது. ஒரே குடும்பத்தினர் சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிரிந்து நிற்கிறார்கள். அருகே சாவேஸ் ரவீன் குடியிருப்பிலிருந்து ஒரு பெண்ணைக் காவலர்கள் இழுத்துச் செல்ல, மேலே வேற்றுக்கிரக ஊர்தியைப் போல விளையாட்டரங்கம் வானத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் குடும்பங்களில் கடைசியாக எஞ்சியவர்கள் 1959இல் வெளியேற்றப்பட்டதையும், 1962இல் அங்கே பேஸ்பால் அரங்கம் திறக்கப்பட்டதையும் அறிந்தவர்களுக்கு அந்த ஊர்தியின் பொருளை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதை வரைந்தவர் யார் என்று கேட்டால், சிக்கானா ஓவியர் ஜூடி பாக்கா என்றே எல்லோரும் சொல்வார்கள். சிக்கானோ என்பது 1960களின் உரிமைப் போராட்டங்களில் மெக்சிகோ வழிவந்த அமெரிக்கர்கள் தாங்களே பெருமையோடு ஏற்றுக்கொண்ட பெயர், பெண்ணானால் சிக்கானா. ஆனால் 1976, 1978, 1980, 1981, 1983 ஆகிய ஐந்து கோடைகளில் நடந்த இந்த வேலையில் 400க்கும் மேற்பட்ட இளைஞர்கள் தூரிகை பிடித்திருக்கிறார்கள். அப்படியிருக்க, பாக்காவை இந்தச் சுவரின் ஓவியர் என்று சொல்வது சரியா, அல்லது அமைப்பாளர் என்று சொல்வதுதான் நேர்மையா? கலை வரலாறு படித்தவர்கள் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

கரிக்கோடு

நான் ஓவிய ஆசிரியன். எனவே வேலை நடந்த முறையிலிருந்து விடை சொல்ல முயல்கிறேன்.

சுவரின் 1976ஆம் ஆண்டுப் பகுதியையும் அதற்குப் பிந்தைய பகுதிகளையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்செனத் தெரியும். முதல் கோடையில் 80 இளைஞர்களைக் கொண்டு ஏறத்தாழ 1,000 அடி தீட்டினார்கள். அப்போது ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் ஓவியர் பொறுப்பேற்றுத் தம் குழுவை நடத்தியதால், பழங்கால விலங்குகள், சூமாஷ் பழங்குடியினர், எசுப்பானியர் வருகை, இருப்புப்பாதை போட்ட சீனத் தொழிலாளர்கள் என்று படங்கள் தனித்தனிக் கட்டங்களாக நிற்கின்றன. கை மாறுவதும் தெரிகிறது. 1977இல் பாக்கா மெக்சிகோவின் குவெர்னவாக்காவுக்குச் சென்று, புகழ்பெற்ற மெக்சிகோ சுவரோவியர் சிக்கெய்ரோஸ் நிறுவிய பட்டறையில் சுவரோவிய நுட்பங்களைப் பயின்றார். சிக்கெய்ரோஸ் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார் என்றாலும் அவருடைய முறைகள் அங்கே கற்பிக்கப்பட்டு வந்தன. பார்ப்பவர் ஓரிடத்தில் நிற்பதில்லை, நடந்துகொண்டே பார்க்கிறார் என்பதைக் கணக்கில் வைத்துப் படத்தை அமைப்பது அவற்றில் முதன்மையானது.

1978 முதல் சுவரின் நடை மாறியதற்கு இந்தப் பயிற்சியே காரணம் என்பது என் கருத்து. அதன்பின் ஒரு காட்சியின் கோடு அடுத்த காட்சிக்குள் ஓடுகிறது. நீங்கள் சொன்ன நெடுஞ்சாலை பாம்பாக நெளிவதும் அந்த ஓட்டத்தின் பகுதிதான். இரண்டாம் உலகப் போரின்போது ஆலைகளில் வேலை செய்த பெண்களின் அடையாளமான ரோஸியைத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று உறிஞ்சி, புறநகர் வீட்டு வாழ்க்கைக்குள் இழுத்துக்கொள்ளும் காட்சியைக் கவனித்திருப்பீர்கள். அந்த இழுவிசை நடந்துகொண்டிருக்கும் நம்மையும் சேர்த்தே இழுக்கிறது. இப்படிப்பட்ட ஒருமை நானூறு பேர் கைபோன போக்கில் தீட்டுவதால் வருவதில்லை. ஒருவர் முழு நீளத்தையும் மனத்தில் வைத்திருந்தால்தான் வரும். அந்த ஒருவர் பாக்கா.

நெய்தல்

கரிக்கோடு ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் கதையைப் பெருஞ்சுவரிலிருந்து தொடங்கினால் பாக்கா யார் என்பதே விளங்காது என்று நினைக்கிறேன்.

அவர் 1946இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தார். தந்தையை அறியாமல், தாய், பாட்டி, சித்திகள் என்று பெண்கள் மட்டுமே இருந்த வீட்டில் வளர்ந்தார். தாய் டயர் ஆலையில் வேலைக்குப் போனதால் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் பாட்டி பிரான்சிஸ்கா. வீட்டு மொழி எசுப்பானியம். பள்ளியில் அதைப் பேசக் கூடாது என்று தடை. ஆங்கிலம் அறியாத அந்தச் சிறுமியை ஓர் ஆசிரியர் வகுப்பறையின் ஒரு மூலையில் வண்ணம் தீட்ட அனுமதித்தார் என்றும், படம் வரையும் பழக்கம் அங்கேதான் தொடங்கியது என்றும் பாக்கா பல இடங்களில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

நார்த்ரிட்ஜில் உள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் 1969இல் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் தம் கல்லூரி ஓவியங்களைப் பாட்டியிடம் காட்டியபோது, இது எதற்குப் பயன்படும் என்று அவர் கேட்டாராம். அந்தக் கேள்வியைப் பாக்கா கடைசிவரை விடவில்லை என்றே நான் படித்துக்கொள்கிறேன். காட்சிக்கூடங்களில் மாட்டும் படங்களைத் தம் வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் ஒருபோதும் பார்க்கப் போவதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பட்டத்துக்குப் பின் தாம் படித்த கத்தோலிக்கப் பள்ளியிலேயே ஆசிரியரானார். வியட்நாம் போருக்கு எதிரான போராட்டத்தில் பங்கேற்றதால் வேலை போனது. 1970இல் நகரப் பூங்காத் துறையில் சேர்ந்து, பாயில் ஹைட்ஸ் பகுதியின் பூங்காக்களில் சிறுவர்களுக்கு ஓவியம் கற்பிக்கத் தொடங்கினார். அங்கே ஒவ்வொரு தெருவும் ஒரு குழுவின் எல்லை; ஒரு பூங்காவுக்கு வரும் இளைஞன் அடுத்த பூங்காவுக்குப் போக முடியாது. அந்த இளைஞர்கள் சுவர்களில் தங்கள் பெயர்களை எழுதி எல்லை குறிப்பதைப் பாக்கா கவனித்தார். சுவர் என்பது அவர்கள் ஏற்கெனவே கையாண்டுகொண்டிருந்த ஊடகம். ஒன்றோடொன்று பகை கொண்டிருந்த நான்கு குழுக்களிலிருந்து 20 பேரைச் சேர்த்து, 'புதிய காட்சிகள்' என்று பொருள்படும் எசுப்பானியப் பெயரில் ஓர் அணியை அமைத்தார். ஹாலன்பெக் பூங்காவின் இசை மேடையில் அவர்கள் தீட்டியது 'மி அபுவெலிட்டா', அதாவது 'என் பாட்டி': மேடையின் மூன்று சுவர்களையும் நிறைத்து, அணைத்துக்கொள்வதற்காக இரு கைகளையும் விரித்து நிற்கும் ஒரு மெக்சிகோ அமெரிக்கப் பாட்டி. எதிர்க்குழுவினர் வருகிறார்களா என்று பார்க்க மேலே ஆட்களைக் காவல் நிறுத்திக்கொண்டுதான் வேலை நடந்தது.

வரைவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிட்டது என்பதுதான் இதில் நான் காண்பது. ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டிருந்தவர்களை ஒரே சாரத்தில் ஏற்றி, எல்லோருக்கும் பொதுவான ஓர் உருவத்தைத் தேர்ந்தெடுக்கச் செய்தது ஓவியத்துக்கு வெளியே நடந்த காரியம் என்று என்னால் பிரித்துப் பார்க்க இயலவில்லை. ஆகவே ஓவியரா அமைப்பாளரா என்ற கேள்வியே பாக்காவுக்குப் பொருந்துமா என்று ஐயப்படுகிறேன்.

சுவர்க்கோழி

அனைவருடைய பதிவுகளையும் கவனமாகப் படித்தேன். உடன்படாத இரண்டு இடங்களை மட்டும் குறிப்பிட விரும்புகிறேன். நான் ஒளிப்படங்களில் மட்டுமே இந்தச் சுவரைப் பார்த்தவன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, இந்தச் சுவரின் பல பகுதிகள் பாடப்புத்தகம் போல் இருக்கின்றன. 1930களில் மெக்சிகோ வழிவந்தவர்கள், அமெரிக்கக் குடிமக்களாகப் பிறந்தவர்கள் உட்பட, கூட்டங்கூட்டமாக மெக்சிகோவுக்கு ரயிலேற்றி அனுப்பப்பட்டது, ஜப்பானிய அமெரிக்கர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டது, 1943இல் 'ஸூட் சூட்' எனப்படும் நீண்ட, தொளதொளப்பான கோட்டு அணிந்த மெக்சிகோ அமெரிக்க இளைஞர்களைப் படைவீரர்கள் தெருவில் அடித்து ஆடையை உரித்தது என்று நிகழ்ச்சிக்குப் பின் நிகழ்ச்சி வருகிறது. இவை சொல்லப்பட வேண்டியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஓவியத்தை நெருக்குவதாக எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது, இந்தச் சுவரில் வரைவதற்கு பாக்காவை அழைத்ததே அமெரிக்க இராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவுதான். இளைஞர்களுக்கான கூலியிலும் அரசுப் பணம் இருந்தது. அரசு கட்டிய சுவரில், அரசு அனுமதியுடன், அரசுப் பணத்தில் வரையப்பட்ட ஒன்றை எதிர்ப்புக் கலை என்று எந்த அளவுக்குச் சொல்ல முடியும்?

நெய்தல்

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன், சுவர்க்கோழி ஐயா. ஏனென்றால் பாக்காவே அந்தக் கேள்வியில் அடிபட்டுத்தான் தம் அமைப்பை உருவாக்கினார்.

1974இல் நகர மன்றத்திடம் ஒரு திட்டத்தை முன்வைத்து, லாஸ் ஏஞ்சல்ஸ் முழுவதற்குமான சுவரோவியத் திட்டத்தை அவர் தொடங்கினார். நூற்றுக்கணக்கான சுவரோவியங்கள் அதன் வழியே உருவாயின. ஆனால் எதை வரையலாம், எதை வரையக் கூடாது என்று நகர நிர்வாகம் தலையிட்டது; சில ஓவியங்களின் பொருள் பிடிக்காதபோது பணத்தைக் காட்டி நெருக்கியது. பணம் வாங்கலாம், பொருளை முடிவு செய்யும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றால், இடையில் தனித்து நிற்கும் ஓர் அமைப்பு வேண்டும். அப்படித்தான் 1976இல் ஓவியர் கிறிஸ்டினா ஷ்லெசிங்கர், திரைப்பட இயக்குநர் டோனா டீட்ச் ஆகியோருடன் சேர்ந்து ஸ்பார்க் என்ற பொதுக்கலை மையத்தை நிறுவினார். வெனிஸ் பகுதியில், 1929இல் கட்டப்பட்ட பழைய காவல் நிலையத்தையும் அதன் சிறையையும் அதற்கு இடமாகப் பெற்றார்கள். தெருக்குழு இளைஞர்களை அடைத்து வைக்கும் கட்டடம் அவர்களுக்கு ஓவியம் கற்பிக்கும் இடமானது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

மூன்று பெண்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அப்போதைய சிக்கானோ ஓவிய உலகில் பெரும்பாலும் ஆண்களின் பெயரே முன்னே நின்றது. 'லாஸ் ஃபோர்' என்ற பெயர்பெற்ற குழு 1974இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டக் கலை அருங்காட்சியகத்தில் கண்காட்சி வைத்தபோது அதிலிருந்த நால்வரும் ஆண்கள். பின்னர் அக்குழுவில் ஐந்தாவதாகச் சேர்ந்த ஜூடித் எர்னாண்டஸ் 1976இல் பெருஞ்சுவரிலும் ஒரு பகுதியை வழிநடத்தினார்.

கரிக்கோடு

சுவர்க்கோழி ஐயாவின் முதல் கேள்வி என்னை உறுத்துகிறது, ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. நெரிசலான இடங்கள் இருக்கின்றன. குறிப்பாக 1976ஆம் ஆண்டுப் பகுதியில் உருவங்கள் பல விறைத்து நிற்கின்றன. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆயினும் ஒளிப்படத்தில் பார்ப்பதற்கும் கரையில் நடந்து பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே மிகப் பெரிது. ஒளிப்படம் ஒரு காட்சியை வெட்டியெடுத்துத் தருகிறது. அப்போது அது பாடப்புத்தகப் படமாகத் தெரிவது இயல்பு. மேலும், அந்தக் 'கட்டாயம்' எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். வரலாற்றாசிரியர்கள் வந்து இளைஞர்களுக்குப் பாடம் எடுத்தார்கள், நிகழ்ச்சிகளை நேரில் அனுபவித்த முதியவர்களின் வாய்மொழிகளைக் கேட்டார்கள், அதன் பிறகே படம் முடிவானது. 14 முதல் 21 வயதுக்குட்பட்ட அந்தப் பிள்ளைகளில் பலர் இளஞ்சிறார் நீதிமன்றங்களின் வழியாக வந்தவர்கள். தங்கள் தாத்தா பாட்டிகள் ரயிலேற்றப்பட்ட செய்தி அவர்களுடைய பள்ளிப் புத்தகங்களில் இல்லை. பள்ளியில் இல்லாத பாடம் சுவரில் வந்தால் அது பாடம் போலத்தான் இருக்கும்.

வேலையின் கடுமையையும் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் மழைவெள்ளம் பாயும் கால்வாய் என்பதால் கோடையில்தான் இறங்க முடியும். அந்தப் பள்ளத்தாக்கில் கோடை வெயில் 38 பாகையை எளிதாகத் தாண்டும், கான்கிரீட் கீழிருந்தும் சுடும். சுவரை மணல் வீசித் தேய்த்துச் சுத்தம் செய்து, நீர் ஊறாதபடி அடைத்து, வெள்ளைப் பூச்சு பூசி, நூலில் சுண்ணப்பொடி தோய்த்துத் தட்டிக் கட்டங்கள் போட்டு, சிறிய வரைபடத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் சுவரின் கட்டத்துக்குப் பெருக்கிக் கொண்டுவர வேண்டும். இரண்டு கட்டங்கள் சேரும் இடத்தில் ஒருவன் போட்ட தோள்பட்டைக் கோடும் மற்றவன் போட்ட கைக் கோடும் பொருந்தாவிட்டால் இருவரும் பேசித்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். பகைத்தெருக்களைச் சேர்ந்த இருவர் அப்படிப் பேசிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதை ஓர் ஆசிரியனாக நான் பொறாமையோடு நினைத்துப் பார்க்கிறேன்.

ஆற்றங்கரையான்

நான் எதிர்பார்த்ததைவிட ஆழமாகப் பேச்சு சென்றிருக்கிறது. நன்றி. இடம் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். 1938ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆற்றையும் அதன் கிளைகளையும் கான்கிரீட்டில் அடைத்தார்கள். ஆறு ஓடிய இடத்தில் விழுந்த தழும்பின் மேல் குத்திய பச்சை என்ற பொருளில் பாக்கா இந்தச் சுவரைப் பற்றிப் பேசியிருக்கிறார். உடலில் பச்சை குத்திக்கொண்ட இளைஞர்களோடு வேலை செய்தவருக்கு அந்த உவமை எங்கிருந்து வந்திருக்கும் என்பது நமக்குத் தெரியும். கால்வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கும் அது மிகச் சரியாகப் பட்டது.

சுவர்க்கோழி

நெய்தல் அம்மாவின் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். பணம் யாருடையது என்பதைவிடப் பொருளை முடிவு செய்தவர் யார் என்பதே சரியான கேள்வி. ஆனால் அதையே பிடித்துக்கொண்டு மேலும் கேட்கிறேன். மக்களைக் கேட்டுத்தான் வரைகிறார் என்றால், மக்கள் பிளவுபட்டிருக்கும்போது என்ன செய்கிறார்?

நெய்தல்

அதற்குப் பால்ட்வின் பார்க் எடுத்துக்காட்டாக இருக்கிறது. அவ்வூர் ரயில் நிலையத்தில் 1993இல் பாக்கா அமைத்த 'டான்சாஸ் இந்திகெனாஸ்' என்ற நினைவுச்சின்னத்தில், ஊர் மக்களிடமிருந்து கேட்டுத் திரட்டிய சொற்களைப் பொறித்தார். அவற்றில் ஒன்று, 'அவர்கள் வருவதற்கு முன் நன்றாக இருந்தது' என்னும் பொருளுடையது. இந்த நிலம் ஒருகாலத்தில் மெக்சிகோவினுடையது, என்றும் பழங்குடிகளுடையது என்ற கருத்துள்ள கவிதை வரிகளும் அங்கே உண்டு. 2005இல் குடியேற்றத்தை எதிர்க்கும் ஒரு குழுவினர் வெளியூரிலிருந்து வந்து, இவை வெள்ளையர்களை இழிவுபடுத்துகின்றன, அகற்ற வேண்டும் என்று ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அவர்களைவிடப் பன்மடங்கு மக்கள் சின்னத்தைக் காக்கத் திரண்டார்கள். அது அகற்றப்படவில்லை.

பாக்கா சொன்ன விளக்கம் எண்ணிப் பார்க்கத்தக்கது. 'அவர்கள் வருவதற்கு முன்' என்ற சொற்களைக் கூறியவர் உள்ளூர் வெள்ளையர் ஒருவர். அவர் குறிப்பிட்டது மெக்சிகோக்காரர்களை. அதாவது, தமக்கு எதிரான சொல்லையும் பாக்கா கல்லில் ஏற்றினார். 'அவர்கள்' யார் என்பதை வாசிப்பவர் தம் நெஞ்சைக் கேட்டு நிரப்பிக்கொள்ளட்டும் என்று திறந்துவிட்டார். பிளவை மூடி மறைக்காமல் ஊர் நடுவில் வைப்பதே அவருடைய விடை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். 1987இல் அவர் தொடங்கிய 'உலகச் சுவர்' என்ற பெயர்த்துக் கொண்டுசெல்லும் சுவரோவியத்திலும் இதே அணுகுமுறையைக் காணலாம். 1990இல் பின்லாந்திலும் மாஸ்கோவிலும் காட்டப்பட்ட அதற்கு, சென்ற நாடுகளின் ஓவியர்களும் தங்கள் பலகைகளைச் சேர்த்தார்கள்.

கரிக்கோடு

ஓவியம் வரைந்தால் போதாது, நாற்பது ஆண்டுகள் அதைக் காப்பாற்றவும் வேண்டும் என்பதை இந்த இழையில் இதுவரை யாரும் தொடவில்லை. சிக்கெய்ரோஸ் 1932இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மையத்தில் வரைந்த 'அமெரிக்கா ட்ராபிக்கால்' ஓவியத்தில் சிலுவையில் அறையப்பட்ட பழங்குடி மனிதன் இருந்ததால் அதற்குச் சில ஆண்டுகளுக்குள் வெள்ளையடித்துவிட்டார்கள். அது மீண்டும் மக்கள் பார்வைக்கு வர 2012 ஆயிற்று. 2002 முதல் 2013 வரை தனியார் கட்டடங்களில் புதிய சுவரோவியங்களுக்கு அந்நகரமே தடை விதித்திருந்தது. சுவரோவியத்தின் தலைநகரம் என்று பெயரெடுத்த ஊரின் நிலை இது.

வெயிலும் வெள்ளமும் அரித்த பெருஞ்சுவரை 2011இல் ஸ்பார்க் மீட்டெடுத்தபோது, இளவயதில் அதைத் தீட்டியவர்களில் சிலர் நடுத்தர வயதினராகத் திரும்பி வந்து தங்கள் பகுதிகளைப் புதுப்பித்தார்கள். ஆற்றங்கரையான் ஐயா முதலில் எழுப்பிய கேள்விக்கு நான் தரக்கூடிய சிறந்த விடை இதுதான். நெய்தல் அம்மாவின் பதிவுகளுக்குப் பின், முழு நீளத்தையும் மனத்தில் வைத்திருந்தவர் ஒருவரே என்று நான் எழுதியதைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன். வடிவத்தை அவர் வைத்திருந்தார். நினைவை அவர்கள் வைத்திருந்தார்கள்.

2017இல் அமெரிக்காவின் வரலாற்றிடங்களின் தேசியப் பதிவேட்டில் சுவர் சேர்க்கப்பட்டது. 2021இல் மெல்லன் அறக்கட்டளை அதை நம் காலம்வரை நீட்டிக்க 50 லட்சம் டாலர் வழங்கியது. 2023 மார்ச்சில் பாக்கா தேசியக் கலைப் பதக்கத்தை அதிபர் கையால் பெற்றார். அதே ஆண்டு இறுதியில், புதிய பகுதிகளை அவரும் குழுவினரும் பார்வையாளர்கள் முன்னிலையில் மாவட்டக் கலை அருங்காட்சியகத்துக்குள்ளேயே தீட்டினார்கள். இந்தக் கடைசிச் செய்தியில் எனக்கு மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் உண்டு. குளிரூட்டிய கூடத்தில் தேர்ந்த கலைஞர்கள் தீட்டும் பகுதிகள் அழகில் மேம்பட்டிருக்கும். சுடும் கால்வாயில் இறங்கிய பிள்ளைகளின் இடம் அதில் எவ்வளவு இருக்கும்?

நெய்தல்

அந்தக் கவலையில் எனக்கும் பங்குண்டு. எனினும் 1983இல் இருந்த கோடைக்கால வேலைத்திட்டங்களும் அவற்றுக்கான அரசுப் பணமும் அதே அளவில் இன்று இல்லை என்பதையும், பாக்கா தம் எழுபதுகளின் பிற்பகுதியில் இருந்துகொண்டு இதைச் செய்தார் என்பதையும் நினைக்க வேண்டும். 1996 முதல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் அவர் பயிற்றுவித்த மாணவர்கள் பலர். பகைத்தெருப் பிள்ளைகளைச் சாரத்தில் ஏற்றும் பொறுப்பை அவரே கடைசிவரை சுமக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

சுவர்க்கோழி

டிசம்பரில் மகள் வீட்டுக்குக் கலிபோர்னியா வருகிறேன். ஒளிப்படத்தை வைத்துச் சொன்ன கருத்தை நேரில் பார்த்துச் சரிபார்க்க விரும்புகிறேன். எப்படிப் பார்ப்பது நல்லது?

ஆற்றங்கரையான்

கட்டாயம் வாருங்கள், ஐயா. பர்பேங்க் சாலைக்கும் ஆக்ஸ்னார்டு தெருவுக்கும் இடையே, கோல்ட்வாட்டர் கேன்யன் சாலையை ஒட்டி இருக்கிறது. கால்வாய்க்குள் இறங்க முடியாது. எதிர்க்கரையில் வேலி ஓரமாக நடந்துதான் பார்க்க வேண்டும் என்பதால், முகங்களைக் காண ஒரு சிறிய தொலைநோக்கி கொண்டுவாருங்கள். டிசம்பரில் மழை பெய்திருந்தால் சுவரின் அடியில் தண்ணீர் ஓடுவதையும் பார்ப்பீர்கள். மறுநாள் நகர மையத்து யூனியன் நிலையத்துக்கு வந்தால், எதிரிலுள்ள ஒல்வேரா தெருவில் சிக்கெய்ரோஸின் ஓவியத்தைப் பார்த்துவிட்டு, அதே நிலையத்திலிருந்து சான் பெர்னார்டினோ தடத்தில் ரயிலேறிப் பால்ட்வின் பார்க்கில் இறங்கலாம். நடைமேடையிலேயே அந்தச் சொற்கள் இருக்கின்றன. தேதியைத் தெரிவியுங்கள், நானும் உடன் வருகிறேன்.